சுவிட்சை அணைத்தும் சூடாக இருந்த வயர்

போன மாதம் மலாக்காவை ஒட்டிய பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டிலேயே சின்ன நிலையம் வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் கூட்டம். மின்சார இலாகாவில் வேலை பார்த்து ஓய்ந்துபோன கிழவன் ஒருவனைக் கூப்பிட்டுப் பழைய கதை கேட்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேச எழுந்திருக்கும் முன்பே ஒன்று கண்ணில் பட்டது. முன்வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தன் கையால் செய்த பவர் சப்ளையை மேசைமேல் வைத்திருந்தார். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொடுக்கும் பெட்டி அது. அருமையான வேலை, குறை சொல்ல முடியாது. பழக்கதோஷத்தில் பிளக்கைத் திறந்து பார்த்தேன். எர்த் வயரை ஒட்ட நறுக்கி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது என்னய்யா?" என்றேன்.

"அதுவா அங்கிள், எர்த் கொடுத்தா செட்டுல 'ம்ம்ம்'னு ஒரே இரைச்சல். வெட்டிட்டேன். இப்ப கிளீனா இருக்கு லா. ரேடியோவுக்குன்னு வெளிய தனியா ஒரு ராடு அடிச்சிருக்கேன். வீட்டு எர்த்தோட சேர்க்கல. அது சுத்தமான எர்த்."

சுத்தமான எர்த்தாம்! எழுந்து நின்று என்ன பேசினேன், யாரைத் திட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. கைதட்டினார்கள் என்று மட்டும் தெரியும். கோபத்தில் சொல்ல வந்த விஷயம் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டதால், உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இலாகாவில் சேர்ந்தது வயர்மேனுக்கு ஏணி பிடிப்பவனாக. சுவரைத் துளைப்பது, பைப் வளைப்பது, ஃபியூஸ் கட்டுவது, வெள்ளைக்காரத் துரை வந்தால் பல்லைக் காட்டாமல் நிற்பது எல்லாம் ஒவ்வொன்றாகப் பழகின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் ஃபோர்மேன் துரைசிங்கத்தைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட காக்கிக் காற்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. சத்தம் போட்டுத் திட்டமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நமக்கு வேர்த்துவிடும். எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். மின்சாரம் இருந்தால் கை மடங்கும். உள்ளங்கையால் தொட்டவன் அதைப் பிடித்துக்கொண்டே சாவான், புறங்கையால் தொட்டவனுக்குக் கை விலகும். இதை ஒருமுறைதான் சொன்னார். இன்றைக்கும் என் வீட்டு ஃபிரிட்ஜைக்கூட நான் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். என் மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

அவருடைய காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு செப்புப் பின்னல் இருக்கும். பெண்கள் ஜடை அளவுக்குத் தடிமன், இரண்டு முனையிலும் ரப்பர் பிடி போட்ட கவ்விகள். எந்த எர்த் வயரைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் அந்தப் பின்னலை மாட்டுவார். மண்ணில் அடித்த கம்பியில் ஒரு கவ்வி, அதற்குப் பிறகுதான் வயரில் மற்றக் கவ்வி. முதலில் மண், அப்புறம் வயர், மாற்றிச் செய்யமாட்டார். இரண்டும் பின்னல் வழியாகச் சேர்ந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். ஒரு சாதாரண எர்த் வயரைக் கழற்ற இத்தனை ஆசாரமா என்று எங்களுக்கெல்லாம் கேலி. அந்தப் பின்னலுக்கு 'சாரோட தாலி' என்று பெயர் வைத்திருந்தோம்.

ஒருநாள் வாய்த்துடுக்கான ஒருவன் கேட்டேவிட்டான்: "சார், வீட்டுக்குப் போனாலும் தாலியக் கழட்ட மாட்டீங்களா?"

துரைசிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். "கழட்டினா ஆர் சாவினம் எண்டு தெரியாது தம்பி. அதாலை கழட்டிறேல்லை" என்றார். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

எர்த் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு உடம்புள்ள எந்தச் சாமானுக்குள்ளும் மின்சார வயர் அறுந்து உடம்பில் பட்டுவிடலாம். அப்போது மின்சாரம் நம் வழியாக மண்ணுக்குப் போகாமல் இருக்க, அந்த உடம்பிலிருந்து மண்ணுக்கு நாமே ஒரு வழி போட்டு வைக்கிறோம். அந்தக் காலத்தில் மலாக்கா டவுனில் இதற்குச் சுலபமான ஏற்பாடு, குடிநீர்க் குழாய். இரும்புக் குழாய் ஊர் முழுக்க மண்ணுக்கடியில் ஓடுகிறது அல்லவா, வீட்டு எர்த் வயரைக் கொண்டுபோய் அதில் கட்டிவிடுவோம். அதைவிட நல்ல எர்த் கிடையாது என்று நம்பினோம்.

இனி மாசிலாமணி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். காஜா பெராங் பகுதியில் ஆறு வீடுகள் கொண்ட வரிசையில் குடியிருந்தார். துறைமுக அலுவலகத்தில் கிளார்க். ஜப்பான் சண்டைக்குப் பிறகு ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கி, தன் கையாலேயே ரேடியோ நிலையம் கட்டியவர். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் வீட்டில் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவனை ஊரே காட்டுக்காரனோடு சேர்த்துப் பார்க்கும். போலீஸ் வந்து குடைந்து பார்த்து, வருஷக்கணக்கில் இழுத்தடித்து ஒருவழியாக லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திர தினம், நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் மெட்ராஸிலும் கொழும்பிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் தன் வானொலி நண்பர்களிடம், 'இது சுதந்திர மலாயாவிலிருந்து பேசுகிறேன்' என்று சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அவர் எர்த் போட்ட அழகைச் சொல்ல வேண்டும். பின்புறத்தில் குழி வெட்டி, ஆளுயரச் செப்புக் கம்பியை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி மூடியிருந்தார். குழி காயக்கூடாது என்று அவர் மனைவி சரோஜா அக்கா தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். "ஒரு மொளகாச் செடிக்கு ஊத்துனாலும் காயாவது கெடைக்கும், இவரு ரேடியோவுக்கு ஊத்துறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவார். அந்தக் கம்பியிலிருந்து வந்த வயர் பவர் சப்ளையின் உடம்பில் முடிந்தது. அதே உடம்பில் பிளக் வழியாக வீட்டு எர்த்தும் வந்து சேர்ந்தது. இரண்டு எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. அவர் செய்தது சரி. தெருவிலேயே நல்ல எர்த் அவருடையதுதான். வினையும் அதிலேதான் இருந்தது.

முதலில் செத்தது ஒரு வாத்து. அடுத்த வீட்டுக் கண்ணுசாமி பிள்ளை வளர்த்தது. அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது, மலாய்தான். ஈரச் சேறென்றால் வாத்துக்குச் சொல்லவா வேண்டும்? எர்த் குழியில் இறங்கி வயரைக் கொத்தியிருக்கிறது, அங்கேயே துடித்துச் செத்துவிட்டது. அதற்குப் பிறகு சரோஜா அக்காவும் தண்ணீர் ஊற்றும்போது காலில் எறும்பு கடிப்பதுபோல் சுருக் சுருக்கென்கிறது என்றார். அண்ணனுக்கோ காலை வேளைகளில் ரேடியோவில் இரைச்சல். கண்டென்சரைக் குறை சொல்லி மாற்றிப் பார்த்தார், போகவில்லை.

பிள்ளை புகார் கொடுத்துவிட்டார். தெருவும் அவர் பக்கம். ரேடியோக்காரன் மண்ணுக்குள் கரண்ட் விடுகிறான், குழந்தை குட்டி நடமாடும் இடம் என்று பேச்சு. எங்கள் அலுவலகத்தில் மெர்டேக்கா திடலுக்கு விளக்குச் சரம் கட்டும் அவசரம். யாருக்கும் யோசிக்க நேரமில்லை. ரேடியோ எர்த்தைக் கழற்றச் சொல், மறுத்தால் வீட்டுச் சப்ளையை வெட்டு என்று உத்தரவு. எர்த் இல்லாமல் நிலையத்தை நடத்த முடியாது என்று அண்ணனுக்குத் தெரியும். எங்களைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"இத்தன வருஷம் காத்திருந்தேன் சார். இன்னும் கொஞ்ச நாளு. அது வரைக்கும் விட்டு வைங்களேன்" என்றார்.

"முதல்லை பாப்பம்" என்றார் துரைசிங்கம். "நான் சொல்லும்வரைக்கும் ஆரும் ஒண்டையும் தொடப்படாது."

அறைக்குள் போனோம். அவருக்குப் பவர் சப்ளைமேல்தான் சந்தேகம், எனக்கும் அப்படித்தான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் கசிவு இருந்தால் கரண்ட் உடம்பில் ஏறி எர்த் குழிக்குப் போகும். சுவிட்சை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். பெட்டியைப் புறங்கையால் தொட்டார். பிறகு சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் வயரைத் தடவினார். தடவிய கை நின்றுவிட்டது.

"இஞ்சை தொட்டுப் பாரும்."

தொட்டேன். வயர் சூடாக இருந்தது. சுவிட்ச் அணைந்திருக்கிறது, பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை, வயர் மட்டும் இஸ்திரி போட்டு எடுத்த துணிபோலச் சூடு. பேய் பிசாசில் நம்பிக்கையில்லாதவன் நான், ஆனாலும் ஓரடி பின்னால் போய்விட்டேன்.

"சார், ஆஃப் பண்ணியாச்சு. இது என்னா சூடு?"

துரைசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். அவர் குழம்பி நின்று அன்றுதான் பார்த்தேன். சுவிட்ச் அணைக்கும் வயர் வேறு, எர்த் வயர் வேறு. எர்த் வயருக்கு எந்தச் சுவிட்சும் கிடையாது. ஆக, சூடு எர்த் வயரில். அதாவது கரண்ட் இந்தப் பெட்டியிலிருந்து குழிக்குப் போகவில்லை. வேறு எங்கிருந்தோ வந்து, இந்தப் பெட்டியின் உடம்பில் ஏறி, குழிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து?

அந்தக் கேள்வியோடு நாங்கள் உள்ளே நிற்கையில், வெளியே பிள்ளையின் குரல் ஓங்கியது. "லூ புன்ய ரேடியோ, குவா புன்ய இத்தேக் மாத்தி!" உன் ரேடியோவால் என் வாத்து செத்தது என்கிறார். அண்ணன் பின்புறம் நின்றிருந்தார். அவமானத்தில் கொதித்துப் போயிருந்தார்.

"வேணாம்னா வேணாம்யா! ஒன் கண்ணு முன்னாலயே புடுங்கிப் போட்டுடறேன், போதுமா!"

துரைசிங்கம் ஜன்னலுக்குப் பாய்ந்தார். "தொடாதையும்!" என்று அவர் கத்துவதற்குள், அண்ணன் ரப்பர் பிடி போட்ட குறடால் எர்த் கம்பியின் கவ்வியைத் திருகிப் பிடுங்கிவிட்டார். வயர் கழன்ற இடத்தில் நீலமாக ஒரு பொறி பறந்தது. அண்ணன் துள்ளி விலகினார். அவர் காலில் ரப்பர் சிலிப்பர் இருந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூப்பாடே இல்லை. வாளி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. சரோஜா அக்கா குழாயடியில் நின்றிருந்தார். அந்தக் குழிக்கு ஊற்றத்தான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஈரத் தரை, வெறுங்கால், கை குழாயைப் பிடித்தபடி இறுகியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

நான் மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்: ஆளைத் தொடாதே, மெயினை அணை. ஓங்கி இழுத்தேன். வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. திரும்பிப் பார்க்கிறேன், அக்கா இன்னும் குழாயில் ஒட்டிக்கொண்டு அதிர்கிறார்.

என் வேலையில் அதைப்போல் ஒரு நொடியை நான் பார்த்ததில்லை. மெயினை அணைத்துவிட்டேன், வீட்டில் மின்சாரமே இல்லை. ஆனால் என் கண்ணெதிரே மின்சாரம் ஒரு மனுஷியைத் தின்றுகொண்டிருக்கிறது. இனி எதை அணைப்பது? அணைக்க என்ன மிச்சம் இருக்கிறது? பேயறைந்தவன் மாதிரி நின்றேன்.

துரைசிங்கம் அதற்குள் பின்வாசலைத் தாண்டியிருந்தார். காற்சட்டைப் பையிலிருந்து அந்தச் செப்புப் பின்னல் வெளியே வந்தது. மண்டியிட்டு ஒரு கவ்வியை எர்த் கம்பியில் மாட்டினார். அந்த அவசரத்திலும் முதலில் மண்தான். பிறகு ரப்பர் பிடியைப் பிடித்து மற்றக் கவ்வியைத் தொங்கிக்கொண்டிருந்த வயரில் வைத்தார். மறுபடி நீலப் பொறி, பெரிதாக. அக்காவின் விரல்கள் பிரிந்தன. அப்படியே தரையில் சரிந்தார்.

அண்ணன் ஓடிப்போய் வாரித் தூக்கினார். "சரோ, சரோ, என்னப் பாரும்மா!" மூச்சு இருந்தது. உள்ளங்கையில் குழாயின் வடிவத்தில் தோல் வெந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து, "வாளி எங்க?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

துரைசிங்கம் பின்னலைக் கழற்றாமல் அப்படியே விட்டார். குழியோரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டார், கஞ்சி போட்ட காற்சட்டையோடு.

"இந்த வீட்டுக் கரண்ட் இல்லை இது" என்றார். "குழாயாலை வருது. ஒவ்வொரு வீடா மெயினை நிப்பாட்டிக்கொண்டு வாரும். வயரிலை நான் டெஸ்ட் விளக்கு வைச்சுப் பாக்கிறன்."

ஒவ்வொரு வீடாக அணைத்துக்கொண்டு போனேன். கடைசி வீட்டில் அணைத்தபோது, விளக்கு அணைந்துவிட்டதென்று அவர் கை காட்டினார். அந்த வீட்டில் ஒரு பெண்மணி மோட்டார் வைத்துத் தேங்காய் துருவிப் பால் பிழிந்து காலையில் பலகாரக்காரர்களுக்கு விற்பார். மோட்டாருக்குள் சுருள் கருகி உடம்பில் பட்டிருந்தது. அந்த உடம்பின் எர்த் வயர், ஊர் வழக்கப்படி, குடிநீர்க் குழாயில் கட்டியிருந்தது. ஆறு வீட்டுக்கும் பின்னால் ஓடும் ஒரே குழாய். அது தெருவில் பெரிய குழாயோடு சேர்கிறது, அங்கே கரண்ட் மண்ணுக்குப் போய்விடும் என்பதுதான் எங்கள் கணக்கு.

தெருமுனையில் தோண்டிப் பார்த்தோம். சில வாரங்களுக்கு முன்பு தண்ணீர் இலாகாக்காரர்கள் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டுக் குழாய் போட்டிருந்தார்கள். தண்ணீருக்கு அது அருமையான குழாய், மின்சாரத்துக்கோ அது அடைபட்ட சுவர். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தெரியாது. ஆறு வீட்டு எர்த்தும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குப் போக மிச்சமிருந்த ஒரே வழி, மாசிலாமணி அண்ணனின் ரேடியோ எர்த். மோட்டார் ஓடிய ஒவ்வொரு காலையிலும் கரண்ட் குழாயில் ஏறி, அண்ணன் வீட்டு எர்த்துக்கு வந்து, பவர் சப்ளையின் உடம்பைத் தாண்டி, சரோஜா அக்கா தண்ணீர் ஊற்றிய குழியில் இறங்கியிருக்கிறது. எறும்பு கடித்ததும் அதுதான், ரேடியோவில் வந்த இரைச்சலும் அதுதான். ஆபத்து வருகிறது என்று அந்தத் தெருவில் வாய்விட்டுச் சொன்னது அந்த இரைச்சல் ஒன்றுதான்.

துரைசிங்கம் இதைப் பிள்ளைக்கு மலாயில் விளக்கினார். பிள்ளை எல்லாம் கேட்டுவிட்டு, தன் வீட்டுப் பக்கம் கை காட்டி ஒரு கேள்வி கேட்டார். "குவா புன்ய ருமா ஜுகா?" என் வீட்டிலுமா?

"ஆறு வீட்டுக் குழாயும்தான்" என்றார் துரைசிங்கம்.

பிள்ளையின் சின்ன மகள் அந்த நேரத்தில் குளியலறையில் இருந்தாள். தொட்டியிலிருந்து மொண்டு குளித்துக்கொண்டிருந்தாள், குழாயைத் தொடவில்லை. தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்து, எல்லாரும் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். பிள்ளை அவளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மோட்டாரைக் கழற்றினோம். ஆறு வீட்டுக்கும் தனித்தனியாகக் கம்பி அடித்து, எல்லாவற்றையும் குழாயோடும் ஒன்றோடொன்றும் கனத்த வயரால் கட்டினோம். அண்ணனின் எர்த்தைக் கழற்றும் உத்தரவைத் துரைசிங்கம் அலுவலகத்தில் போய்ப் பேசி நிறுத்தினார். ஆனால் அண்ணன் மனம் விட்டுப்போயிருந்தது. "என் கையாலயே அவளக் கொன்னிருப்பேன். எனக்கு ரேடியோவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டார்.

மறுநாள் காலை கம்பி இறுக்கும் மிச்ச வேலைக்குப் போயிருந்தேன். சரோஜா அக்கா கைக்கட்டோடு படுத்திருந்தார். பின்புறத்தில் பிள்ளை நின்றிருந்தார். சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அக்கா, அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவரே ஊத்துறாரு. நீங்க அந்தத் துணிய எடுங்க."

மெர்டேக்கா காலையில் அண்ணன் பேசினார். தெருவே ஜன்னலில் நின்றது, தேங்காய்ப்பால்காரம்மாவும்தான். இரைச்சல் துளியும் இல்லை. கொழும்புக்காரர் வாழ்த்துச் சொன்னபோது அண்ணன் மைக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா கட்டுப்போட்ட கையால் வாங்கி, "நாங்க நல்லா இருக்கோம்" என்றார். வேறென்ன சொல்வது?

துரைசிங்கம் தன் பின்னலைத் திரும்பக் கேட்கவில்லை. "கிடக்கட்டும்" என்றார். தனக்கு வேறொன்று செய்துகொண்டார். நாங்கள் அதைத் தாலி என்று சொல்வதை அந்த நாளோடு விட்டுவிட்டோம்.

வெகு வருஷம் கழித்து, நானே ஃபோர்மேனாகிவிட்ட பிறகு, அதே வீட்டில் வயரிங் மாற்றப் போனேன். அண்ணனும் அக்காவும் பினாங்குக்கு மாறிப் போயிருந்தார்கள், ரேடியோவும் அவர்களோடு போயிருந்தது. புதிதாக வந்த குடித்தனக்காரர் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், பக்கத்து வீட்டுப் பெரியவரு தெனமும் வந்து நம்ம மூலையில தண்ணி ஊத்திட்டுப் போறாரு. அங்க ஒரு புல்லுகூட இல்ல. ஆளு கொஞ்சம் ஒரு மாதிரியா?"

நான் போய் மண்ணைக் கீறிப் பார்த்தேன். செப்புக் கம்பியின் தலை தெரிந்தது. அதில் பச்சை பூத்துப்போய், துரைசிங்கத்தின் பின்னல் இன்னும் கவ்வியபடி இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆறு வீட்டிலும் நல்ல எர்த் அதுதான்.

பிள்ளை வேலியோரம் வாளியோடு நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மீட்டரைக் காட்டி, "மாசி பாகுஸ்" என்றேன், இன்னும் நன்றாக இருக்கிறது என்று. அவர் தலையை அசைத்துவிட்டு வாளியைக் குழியில் கவிழ்த்தார். உள்ளிருந்து அவர் மகள், வளர்ந்து ஆளாகிவிட்டவள், குழாயைத் திறந்து பிடித்த இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.